நாற்பதுக்கு முப்பத்தொன்பது, பத்துக்கு நான்கு

‘ஃபைனல் ஃபேண்டஸி 13’ என்னும் வீடியோ விளையாட்டு ஜப்பானில் 2009 டிசம்பரிலும் மேலைநாடுகளில் 2010 மார்ச்சிலும் வெளிவந்தது. ஜப்பானிய வார இதழான ‘ஃபாமிட்சு’ அதற்கு 40க்கு 39 மதிப்பெண் வழங்கியது. ‘டிஸ்ட்ரக்டாய்டு’ என்னும் அமெரிக்க இணைய இதழில், அந்நாளில் ஜிம் ஸ்டெர்லிங் என்ற பெயரில் எழுதிவந்த விமர்சகர் 10க்கு 4 வழங்கினார். படைப்பு ஒன்றுதான், ஓரிடத்தில் அது ஏறத்தாழக் குறையற்றது, மற்றோரிடத்தில் தேர்ச்சி பெறாதது. விளையாட்டின் அன்பர்கள் கொதித்தெழுந்தனர். சொந்த விருப்புவெறுப்பை ஒதுக்கிவைத்துப் புறவயமாக மதிப்புரை எழுதத் தெரியாதா என்று கேட்டனர். ஸ்டெர்லிங் அதற்கும் இணங்கினார். நூறு சதவீதம் புறவயமானது என்ற அறிவிப்போடு அதே விளையாட்டுக்கு இன்னொரு மதிப்புரை எழுதினார். எவரும் மறுக்கவியலாத செய்திகள் மட்டுமே அதில் இருந்தன. இது ஒரு விளையாட்டு, இதில் காட்சிகள் உண்டு, ஒலி உண்டு என்கிற போக்கில் சென்றது அது. படித்து முடித்தவருக்கு அவ்விளையாட்டைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

பகடி என்ற அளவில் இது கூர்மையானதே. ஆனால் இதிலிருந்து பலரும் எட்டிய முடிவு, எல்லாம் அவரவர் ரசனை, இதில் வாதிட ஒன்றுமில்லை என்பது. நமக்கு அம்முடிவு உடன்பாடில்லை. மதிப்பெண் போடுவதையே தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்டவர்கள் நாம். ஒரே விடைத்தாளை இருவர் திருத்தி, இருவர் தரும் மதிப்பெண்ணுக்கும் இடையே வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவரிடம் அனுப்பும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் உண்டு. அந்த மூன்றாமவர் முந்தைய இரண்டு எண்களையும் கூட்டி வகுத்துத் தருவதற்காக அமர்த்தப்படுவதில்லை. அவர் விடைத்தாளைப் படிக்கவேண்டும். வீடியோ விளையாட்டுகளின் விமர்சன வரலாற்றில், அதிலும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் வரலாற்றில், எண்கள் பெருகப் பெருக இந்த மூன்றாமவரின் வேலை மறக்கப்பட்டுவந்தது என்றே நாம் கருதுகிறோம்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, ஆங்கிலச் சுருக்கப்படி ஆர்.பி.ஜி., பிறப்பிலேயே எண்களால் ஆனது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கணினிக்கு உரியதன்று. மேசையைச் சுற்றி அமர்ந்து, பென்சிலும் தாளும் பகடையும் கொண்டு ஆடப்படுவது. முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. ஆடுபவர் தாம் ஏற்கும் பாத்திரத்தின் வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, கைத்திறம், வசீகரம் ஆகிய ஆறு பண்புகளுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, 3 முதல் 18 வரை ஓர் எண்ணைப் பெறுவார். ஞானத்துக்கு எண் கொடுக்கத் துணிந்த முதல் கலைவடிவம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் மேசையின் தலைப்பில் நடுவராகவும் கதைசொல்லியாகவும் ஒரு மனிதர் இருந்தார். எண்கள் சொல்லாததை அவர் சொன்னார்; எண்கள் அபத்தமாகத் தீர்ப்பளித்தபோது அவர் திருத்தினார்.

கணினிக்கு மாறியபோது எண்கள் எளிதில் ஏறின. அந்த மனிதர் ஏறவில்லை. அவர் விட்டுச்சென்ற இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதில்தான் இவ்வகையின் வரலாறு பிரிகிறது. பின்னாளில் எழுந்த எல்லா ரசனைப் பூசல்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1981இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் ஆப்பிள் கணினிக்காக உருவாக்கிய ‘விசார்ட்ரி’ அவ்விடத்தைச் சட்டத்தின் கடுமையால் நிரப்பியது. பத்துத் தளங்கள் கொண்ட நிலத்தடிப் புதிர்வழி. தளம் ஒவ்வொன்றும் 20க்கு 20 கட்டங்கள். ஆறு பேர் கொண்ட குழுவை உருவாக்கி உள்ளே இறங்கவேண்டும். வழியை ஆடுபவரே கிராஃப் தாளில் வரைந்துகொள்ளவேண்டும். குழு முழுவதும் மாண்டால் உடல்கள் அங்கேயே கிடக்கும். வேறொரு குழுவைத் திரட்டிச் சென்று மீட்கவேண்டும். கோவிலில் காணிக்கை செலுத்தி உயிர்ப்பிக்க முயலலாம். முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும். மறுமுறையும் தவறினால் பெயரே அழிந்துபோகும். நேர்ந்தவை உடனுக்குடன் வட்டில் பதிவாகிவிடுவதால், முந்தைய நிலைக்குத் திரும்பித் தப்பிக்கும் வழியும் அரிது. இதில் கதை என்று சொல்லத்தக்கது ஒரு பக்கம்கூடத் தேறாது. ஆயினும் இதை ஆடியவர்கள் தம் இறந்துபோன வீரர்களின் பெயர்களை நினைவில் வைத்திருந்தார்கள்.

அதே 1981இல் ‘அல்டிமா’ தொடரைத் தொடங்கிய ரிச்சர்ட் கேரியட், 1985இல் வந்த நான்காம் பாகத்தில் வேறொரு வழியைக் கண்டார். அதில் கொல்லப்படவேண்டிய பெருந்தீயோன் எவனும் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களில் தேர்ந்து ‘அவதார்’ நிலையை எய்துவதே குறிக்கோள். சொல் வடமொழியிலிருந்து சென்றது. திரையில் நம்மைக் குறிக்கும் உருவுக்கு அப்பெயர் இன்று உலகெங்கும் வழங்குவதில் இவ்விளையாட்டுக்கும் பங்குண்டு. மூலிகை விற்கும் பெண் ஒருத்தி இதில் வருகிறாள். அவளுக்குக் கண் தெரியாது. விலையை நாமே எண்ணிவைக்கவேண்டும். குறைத்து வைத்தாலும் அவள் அறியமாட்டாள். விளையாட்டு அறியும். ஒன்றும் சொல்லாமல் நேர்மையின் எண்ணைக் குறைத்துவிடும். மேசைத் தலைப்பில் இருந்த மனிதரின் மனச்சாட்சியைக் கணினிக்குள் கொண்டுவர நடந்த முயற்சிகளில் இவ்வளவு எளிமையும் ஆழமும் கூடியது வேறொன்றை நாம் அறியோம்.

அக்காலத்து அமெரிக்க விமர்சனம் பெரிதும் தனிக்குரல்களால் ஆனது. 1981இல் தொடங்கிய ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு’ இதழில் ஸ்கார்பியா என்ற புனைபெயரில் எழுதிய பெண் விமர்சகர் அவர்களுள் முதன்மையானவர். விளையாட்டை இறுதிவரை ஆடிப் பார்த்து, எந்தப் புதிர் நியாயமானது, எது சோம்பலால் அமைந்தது என்று இடஞ்சுட்டி எழுதுவது அவர் முறை. ‘மைட் அண்ட் மேஜிக்’ தொடரின் இரண்டாம் பாகத்தை அவர் கடுமையாகச் சாடினார். 1991இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஸ்கார்பியா என்ற பெயரிலேயே ஓர் அரக்கி இடம்பெற்றாள். விமர்சகரைப் பாத்திரமாக்கிப் பழிதீர்ப்பது இலக்கியத்திலும் உள்ளதுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொருவரும் விமர்சகரை வாளால் வெட்டலாம் என்கிற வசதி இலக்கியத்துக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஜப்பானில் கதை வேறு. ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ இரண்டிலும் ஈடுபாடு கொண்டிருந்த யூஜி ஹோரி, கணினியே தொட்டிராத சிறுவர்களும் ஆடவேண்டும் என்று 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ உருவாக்கினார். ஒரே வீரன், எதிரே ஒரே எதிரி. மாண்டால் சாம்பலாக மாட்டான். கையிருப்பில் பாதியை இழந்து அரசன் முன் மீண்டும் எழுவான். பொறுமையுடன் உழைத்தால் எவரும் முடிவை எட்டலாம் என்பது அதன் உடன்படிக்கை. 1988 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வெளிவந்த அன்று ஒரே நாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. அது வேலை நாள். பள்ளிக்கு மட்டம் போட்டு வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான மாணவர்கள் காவலரிடம் சிக்கினர். இனி வேலை நாளில் இத்தொடரை வெளியிடலாகாது என்று சட்டமே வந்ததாக இன்றும் சொல்வார்கள். அது வெறும் கட்டுக்கதை. இவ்வளவு கொண்டாடப்பட்ட தொடரின் முதற்பாகம் 1989இல் அமெரிக்கா சென்றபோது விற்காமல் தேங்கியது. மறு ஆண்டு ‘நின்டெண்டோ பவர்’ இதழின் சந்தாதாரர்களுக்கு அதை இலவசமாக வழங்கினார்கள்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். ஜப்பானியர் ரசனை உயர்ந்தது, அமெரிக்கர் ரசனை தாழ்ந்தது என்றோ, மாற்றியோ சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மையில் இரு நாட்டினரும் ஒரே பெயரால் இரு வேறு பொருள்களைக் குறித்தார்கள். ஒருவருக்கு ஆர்.பி.ஜி. என்பது தன் விருப்பப்படி திரியக்கூடிய, தவறினால் தண்டிக்கும் உலகம். மற்றவருக்கு அது செம்மையாகச் சொல்லப்படும் கதை. ஆடுபவரின் உழைப்பே அக்கதையைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் விரல். ‘ஃபைனல் ஃபேண்டஸி’ தொடர் 1987இல் தொடங்கி இந்த இரண்டாம் வழியில் மிகத் தொலைவு சென்றது. அவ்வழியின் உச்சமாகிய ஏழாம் பாகம் 1997இல் வந்தது; அமெரிக்கா அவ்வழியை மனமார ஏற்றுக்கொண்டதும் அப்போதுதான்.

எண் எப்படி வந்தது? பிரிட்டனில் 1985இல் தொடங்கிய ‘ஸாப் 64’ போன்ற இதழ்கள் விளையாட்டைக் கூறுகூறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சதவீதம் வழங்கின. காட்சி, ஒலி என்பவற்றோடு பிடித்து இழுக்கும் தன்மை, நீடித்து நிற்கும் தன்மை என்பவற்றுக்கும் சதவீதம் உண்டு. குளிர்சாதனப் பெட்டி வாங்குவோருக்கு வழிகாட்டுவது போன்ற முறை. ஜப்பானின் ‘ஃபாமிட்சு’ இதைவிட நாகரிகமான ஏற்பாடு ஒன்றைக் கொண்டிருந்தது. நால்வர் தனித்தனியே ஆடி, தனித்தனியே சில வரிகள் எழுதி, ஆளுக்கு 10க்கு மதிப்பெண் இடுவர். நால்வரின் கருத்து வேறுபாடும் வாசகன் கண்முன் கிடக்கும். ஆனால் நினைவில் நின்றது கூட்டுத்தொகை மட்டுமே. 1998இல் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ முதன்முதலாக 40க்கு 40 பெற்றதும், 2000இல் ‘வேக்ரண்ட் ஸ்டோரி’ அவ்வரிசையில் சேர்ந்ததும் செய்திகளாயின, நால்வர் என்ன எழுதினர் என்பது செய்தியாகவில்லை. 2001இல் தொடங்கிய ‘மெட்டாகிரிட்டிக்’ இந்தப் போக்கைத் தர்க்கரீதியான எல்லைக்குக் கொண்டுசென்றது. பல இதழ்களின் மதிப்பெண்களை 100க்கு மாற்றி, வெளியே சொல்லாத எடைகளை அவற்றுக்கு இட்டு, சராசரி கண்டு, பச்சை மஞ்சள் சிவப்பு நிறங்களில் காட்டியது. தமிழில் க.நா.சு.வின் பட்டியல்கள் கிளப்பிய பூசலை வாசகர்கள் அறிவர். அங்கே பெயர்கள்தாம் இருந்தன. தசமப் புள்ளி இருந்ததில்லை.

டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் குறித்து எழுதிய கட்டுரையில் ‘டான் குயிக்ஸாட்’ நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். மதுவின் தரம் அறியச் சாங்கோவின் உறவினர் இருவரை அழைக்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் சற்றே தோல்வாடை என்கிறார் ஒருவர். நல்ல மதுதான், ஆனால் சற்றே இரும்புச் சுவை என்கிறார் மற்றவர். ஊர் இருவரையும் எள்ளி நகையாடுகிறது. பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு பழைய சாவி கிடக்கிறது, தோல்வாரில் கோத்தபடி. இருவர் நாவும் வேறு வேறு சொன்னது. இரண்டும் பீப்பாய்க்குள் இருந்த ஒன்றையே சொன்னது. பயிற்சி, ஒப்பிட்டறியும் பழக்கம், முற்சாய்வு நீங்கிய மனம் முதலியன கூடியவரே நம்பத்தக்க நடுவர் என்பது ஹியூமின் வாதம். விமர்சகரிடம் நாம் கேட்கவேண்டியது அந்தச் சாவியை. எத்தனை மதிப்பெண் என்பது அதற்குப் பிறகு.

‘ஃபைனல் ஃபேண்டஸி 13’ விஷயத்தில் சாவி எது? அதன் பெரும்பகுதி ஒரே நேர்க்கோட்டு நடைவழி. பதின்மூன்று இயல்களில் பதினோராம் இயலில்தான் பரந்த வெளி திறக்கிறது. இதைப் புகழ்ந்தவர்களும் மறுக்கவில்லை. ஆனால் நடைவழியே குற்றமாகுமா? 2001இல் வந்த பத்தாம் பாகமும் ஏறத்தாழ நேர்க்கோடுதான். அதை எவரும் அவ்வளவாகப் பழிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். பத்தாம் பாகத்தில் வழிநெடுக ஊர்கள் உண்டு. ஊர்களில் அற்பக் கவலைகளோடு பேசும் மனிதர்கள் உண்டு. கோவில்களில் நின்று யோசிக்கவைக்கும் புதிர்கள் உண்டு. பதின்மூன்றில் கடைகள்கூட ஆட்டத்தைச் சேமிக்கும் எந்திரத்துக்குள் அடங்கிவிட்டன. உலகைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். அவ்வுலகில் காய்கறி விற்பவர் எவரையும் நாம் சந்திப்பதில்லை. குறை வழியின் நேர்மையில் இல்லை, வழியோர வெறுமையில் இருக்கிறது. மறுபுறம், போரின் நடுவே குழுவினரின் பொறுப்புகளை நொடியில் மாற்றியமைக்கும் அதன் போர்முறை, தொடரின் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று. இரண்டும் பீப்பாய்க்குள் உள்ளவை. எதற்கு எவ்வளவு எடை என்பதில் ரசனைக்கு இடமுண்டு. உள்ளே என்ன கிடக்கிறது என்பதில் இல்லை. நம்மைக் கேட்டால் 39உம் மிகை, 4உம் மிகை.

இன்னொரு பீப்பாய் ‘பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்’. 1999 டிசம்பரில் பிளாக் ஐல் நிறுவனம் உருவாக்கியது. வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் கிறிஸ் அவெலோன். பிணவறை மேசையொன்றில் நினைவிழந்து கண்விழிக்கும் பெயரற்ற ஒருவன். அவன் சாவதில்லை, கொன்றால் மீண்டும் விழித்தெழுவான். அவன் முதுகில் குத்தப்பட்டிருக்கும் எழுத்துகளை மிதக்கும் மண்டையோடு ஒன்று அவனுக்குப் படித்துக் காட்டுகிறது. எட்டு லட்சம் சொற்கள் அளவுக்கு உரையாடலும் விவரிப்பும் கொண்டதாக மதிப்பிடப்படும் இப்படைப்பில் சண்டைகள் தட்டையானவை, சில இடங்களில் சலிப்பூட்டுபவை. இதன் தீவிர அன்பர்களும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். வலிமைக்குப் பதில் ஞானத்தில் எண்களைக் கூட்டியவருக்கே கதவுகள் திறக்கும்; இறுதி மோதலையும் பேசியே தீர்க்கலாம். அறிவுக்கும் ஞானத்துக்கும் பகடை உருட்டிய 1974ஆம் ஆண்டின் விசித்திரம் இங்கேதான் முழுப்பொருள் பெற்றது. விமர்சகர்கள் பாராட்டினர், சந்தையில் மிதமாகவே விற்றது. ரசனை என்பது பெரும்பான்மையின் விருப்பம் மட்டுமே என்றால் இவ்விளையாட்டு அத்தோடு மறைந்திருக்கவேண்டும். மறையவில்லை. 2013இல் இதன் வழித்தோன்றலான ஒரு விளையாட்டுக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது நாற்பது லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. 2017இல் மூலத்தின் செம்மைப்பதிப்பும் வந்தது.

இடையில் 2010இல், திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாகாது என்று எழுதிப் பெரும் புயலைக் கிளப்பினார். சில மாதங்களில், தாம் ஆடிப் பார்க்காத ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் எழுதினார். நமக்கு முக்கியமாகப் படுவது அதே ஆண்டு நடந்த வேறொன்று.

2010 அக்டோபரில் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ வெளிவந்தது. அணுப்போருக்குப் பிந்தைய நெவாடா பாலைநிலத்தில், அணைக்கட்டு ஒன்றுக்காக மோதும் அரசியல் தரப்புகளுக்கிடையே ஆடுபவர் தாமே முடிவெடுக்கவேண்டிய படைப்பு. அப்சிடியன் நிறுவனத்தார் சுமார் 18 மாதங்களில் உருவாக்கினர். அந்த அவசரம் வழுக்களாக வெளிப்பட்டது. ஆட்டம் நடுவில் உறைந்துபோனது, சேமித்தவை அழிந்தன. இவை மெய்யான குறைகள்; மதிப்பெண்கள் அவற்றால் குறைந்ததில் அநியாயம் ஏதுமில்லை. அந்நிறுவனத்தில் இருந்த அவெலோன் 2012 மார்ச்சில் ஒரு செய்தியைப் பகிரங்கமாகச் சொன்னார். ஒப்பந்தப்படி அவர்களுக்கு விற்பனைப் பங்கு கிடையாது. மெட்டாகிரிட்டிக்கில் 85 பெற்றால் மட்டும் ஊக்கத்தொகை உண்டு. பெற்றது 84.

ஒரு மதிப்பெண். பீப்பாயில் எந்தச் சாவியின் எடை அது? எந்த விமர்சகராவது இவ்விளையாட்டு 85 பெறத் தக்கதன்று என்று எழுதினாரா? எவரும் எழுதவில்லை. ஒருவர் 10க்கு 9 போட்டிருப்பார். இன்னொருவர் உறைந்துபோன திரையைக் கண்டு எரிச்சலுற்று 7 போட்டிருப்பார். வேறொருவர் நட்சத்திரம் வரைந்திருப்பார். அவரவர் தம் வாசகரிடம் தம் அனுபவத்தைச் சொன்னார்கள். அவற்றைக் கூட்டி வகுத்தபோது எவரும் சொல்லாத ஒரு தீர்ப்பு பிறந்து, பல மனிதர்களின் வருமானத்தைத் தீர்மானித்தது. வழுக்கள் பின்னர் திருத்தங்களால் பெரிதும் நீங்கின. ஆனால் முதலில் வெளியான மதிப்பெண்ணையே ஏற்பது மெட்டாகிரிட்டிக்கின் விதி. எனவே 84, 84ஆகவே நின்றது. அத்தொடரின் சிறந்த படைப்பு எது என்று கேட்டால் இன்று பலரும் சொல்வது இதன் பெயரைத்தான். புறவயம் என்ற சொல்லை எண்ணுக்குத் தாரைவார்த்ததன் விலை இது என்போம். பிழை விமர்சகரின் ரசனையில் நேரவில்லை. ரசனைகளின் சராசரியைத் தரத்தின் அளவாகக் கொண்டதில் நேர்ந்தது.

2019 அக்டோபரில் ‘டிஸ்கோ எலிசியம்’ வந்தது. எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் உருவானது. அவர் 2013இல் எழுதிய நாவல் விற்கவில்லை. அதே கற்பனை உலகைத்தான் விளையாட்டாக்கினார். இதில் வழக்கமான போர்முறையே இல்லை. குடித்து நினைவிழந்த துப்பறிவாளன் ஒருவன் விடுதியறையில் கண்விழிக்கிறான். அவனுடைய 24 திறன்களும் தனித்தனிக் குரல்களாக அவனுக்குள் வாதிடுகின்றன. தருக்கம் ஒன்று சொல்லும், பரிவு வேறொன்று சொல்லும், இரண்டும் தவறாக இருக்கலாம். ‘டோர்மென்ட்’டின் கடன் வெளிப்படை, உருவாக்கியவர்களும் அதை மறைக்கவில்லை. சண்டையில்லாத ஆர்.பி.ஜி. எப்படி ஆர்.பி.ஜி. ஆகும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அக்கேள்வியும் நேர்மையானதே, ‘விசார்ட்ரி’ மரபில் நின்று பார்த்தால் இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் 1974இல் மேசைத் தலைப்பில் அமர்ந்திருந்த மனிதரின் குரலை, சமயோசிதத்தோடும் குறும்போடும் கணினிக்குள் இவ்வளவு நெருக்கமாக முன்பு எவரும் கொண்டுவந்ததில்லை. அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த ஆர்.பி.ஜி. விருது உட்பட நான்கு விருதுகள் இதற்குக் கிடைத்தன.

‘விசார்ட்ரி’யையும் அந்த மரபையும் காலம் ஒதுக்கிவிட்டதாக இதிலிருந்து கொள்ளலாகாது. டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2024 மே மாதம் முதல் ‘விசார்ட்ரி’யின் மறுவாக்கத்தை முழுமையாக வெளியிட்டது. புதிய காட்சிகளுக்கு அடியில் ஓடுவது 1981ஆம் ஆண்டின் மூலநிரல்தான். திரையின் ஒரு மூலையில் பழைய ஆப்பிள் கணினியின் கோட்டோவியத்தையும் கூடவே ஓடவிட்டுப் பார்க்கலாம். அக்காலத்துக் கொடுமைகளுள் சிலவற்றைத் தளர்த்திக்கொள்ளவோ அப்படியே வைத்துக்கொள்ளவோ ஆடுபவருக்குத் தெரிவுகள் உண்டு. புதிர்வழி மட்டும் பழையபடியே, பத்துத் தளங்கள், தளத்துக்கு 20க்கு 20 கட்டங்கள்.